எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அட்டை

தொண்ணூறு பூனைகளுக்கு மேல் கறுப்பு மை தாங்கவில்லை. என் தங்கை கோரின் மைப் பெட்டியின் பஞ்சில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, விரலால் தடவி, ரப்பர் ஸ்டாம்பை ஒற்றி எடுத்தாள். தாளில் விழுந்தது பூனை இல்லை, ஏதோ ஒரு கரிக்கறை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று ஹாலோவீன். மணி பகல் பன்னிரண்டு. மாலை ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதிவிடும், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வேடம் கட்டிக்கொண்டு மிட்டாய் கேட்டு வாசல் வாசலாக ஏற ஆரம்பித்துவிடுவார்கள்.

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய அட்டைகள். ஆரஞ்சுத் தாளை இரண்டாக மடித்து, மேலே சிலந்திவலையும் வௌவாலும் போட்ட டிசைன் தாளில் ஒரு பட்டை ஒட்டி, அதன் பக்கத்தில் முதுகை வளைத்த பூனையை ஒற்றி, மூலையில் துளை போட்டு நூலால் ஒரு சாக்லேட்டோடு கட்ட வேண்டும். அவள் தெருவில் மற்றவர்கள் கடையில் வாங்கிய மிட்டாயைக் கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டு டிவி பார்ப்பார்கள். இவள் பத்து நாளாகக் கத்தரியும் கையுமாக இருந்தாள். கேட்டால், சும்மா இருந்தால் கை நடுங்குகிறது என்றாள். அது பொய்யில்லை. குடியை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஆனால் காரணம் அது மட்டுமில்லை. ஜூன் மாதம் பட்டப்பகலில் குடித்துவிட்டுக் காரை ஓட்டி, தானியக் கிடங்குக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இறக்கினாள். பின் இருக்கையில் அவள் மகள் டெசா இருந்தாள். ஏழு வயது. பிள்ளைக்குக் காறை எலும்பு முறிந்தது. நீதிபதி டெசாவை அவள் அப்பன் கிளிண்டிடம் ஒப்படைத்தார். அடுத்த விசாரணை டிசம்பரில். அதுவரை கோரின் பிள்ளையைப் போய்ப் பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது, கடிதமோ பரிசோ அனுப்பக் கூடாது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் ஹாலோவீன் மாலை இரண்டு மணி நேரம் எந்தப் பிள்ளையும் எந்த வீட்டு வாசலிலும் ஏறலாம், அதைத் தடுத்து எந்தத் தாளிலும் எழுதவில்லை என்று கோரின் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேள் என்றேன். கேட்கவில்லை. டெசா வந்தால் முகமூடியோடு வருவாள், எது அவள் என்று தெரியாது. ஆகவே வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அட்டை.

புது மை வாங்கி வருகிறேன் என்று நான்தான் எழுந்தேன். அவளுக்கு இப்போது கார் ஓட்ட உரிமம் கிடையாது. அதே கறுப்பா என்று கடையில் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டையை எடுத்தேன். எடுத்தவள் சும்மா இருக்காமல் திறந்தும் பார்த்துவிட்டேன்.

உள்ளே பேனாவால், அவளுடைய சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது. 'அம்மா இங்கதான் இருக்கேன். உன்னை விட்டுட்டுப் போகல.'

"இது என்னடி?"

"அட்டை."

"எத்தனை அட்டையில எழுதியிருக்க?"

இன்னொன்றைத் திறந்தேன். அதற்கடுத்ததையும் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே இரண்டு வரி.

"உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? எதிர்வீட்டு ஹூவர்மேன் பையன் இதை வாங்கிட்டுப் போயி அவன் அம்மாகிட்டக் காட்டுவான். அந்தப் பொம்பள சும்மா இருப்பாளா? எம் பையனுக்கு நீ எப்படி அம்மாவானன்னு வாசல்ல வந்து நிப்பா."

கோரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்தபோது அவள் முகம் முன்பைவிட மோசமாக இருந்தது.

"வேற எப்படி ரோண்டா? எல்லாத்துலயும் எழுதுனாத்தான அவ கையில ஒண்ணாவது போகும்."

"போகும். போனதும் கிளிண்ட் பையைக் கொட்டி ஒவ்வொண்ணாப் பாப்பான். எல்லா அப்பனும்தான் பாக்குறான், மிட்டாய யாராவது பிரிச்சு ஒட்டியிருக்காங்களான்னு. உன் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா? டிசம்பர்ல அதைக் கொண்டுபோயி ஜட்ஜ் மேசையில வெச்சான்னா, அப்புறம் எந்த டிசம்பர்ல நீ பிள்ளையப் பாப்ப?"

"அவ நான் செத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருப்பா."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாலு மாசமா அம்மா ஒரு போன்கூடப் பண்ணலன்னா ஏழு வயசுப் பிள்ளை வேற என்னத்த நினைக்கும்?"

பதினேழு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். கண்ணாடியில் எத்தனையோ பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஸ்டாம்ப் கோணலாக விழுந்தாலோ மை இழுகினாலோ இந்த அட்டை செய்கிறவர்கள் தாளைத் தூக்கி எறிய மாட்டார்கள். டிசைன் தாளில் ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தின் மேல் ஒட்டிவிடுவார்கள். பார்க்கிறவர் அதையும் அலங்காரம் என்றுதான் நினைப்பார். கோரின்தான் எனக்கு அதைச் சொல்லித் தந்தவள். இப்போது நான் அதை அவளிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் கழித்துக் கத்தரியைக் கையில் எடுத்தாள்.

மை வாங்கப் போவதை விட்டுவிட்டு, அவள் துண்டு வெட்டித் தர நான் ஒட்டினேன். பூசணிப் படம் தீர்ந்து நட்சத்திரம், நட்சத்திரம் தீர்ந்து கோடு போட்ட தாள். ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் அழுத்தும்போது என் தங்கையின் வாயைப் பொத்துகிற மாதிரியே இருந்தது. நல்லதைத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் மனசு கேட்கவில்லை.

நடுவில் கேட்டாள். "வெளிச்சத்துல பிடிச்சா எழுத்து தெரியுதா?"

ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். "தெரியல."

"நல்லாப் பாரு."

நன்றாகவே பார்த்தேன். தெரியவில்லை என்றுதான் மறுபடியும் சொன்னேன். அவள் எந்தப் பதிலை எதிர்பார்த்தாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சங்கு ஊதியபோது நாங்கள் வாசல் படிக்கு மேலே இரண்டு நாற்காலி போட்டு, மடியில் கம்பளியோடு தயாராக இருந்தோம். மந்திரவாதிகள் வந்தார்கள், எலும்புக்கூடுகள் வந்தார்கள், ஒரு கெட்ச்அப் பாட்டில் வந்தது. "மிட்டாய் தர்றியா, வம்பு பண்ணவா?" என்று எல்லாரும் பாட்டாகக் கேட்டார்கள். கோரின் ஒவ்வொருவருக்கும் குனிந்து, முகமூடியின் கண் ஓட்டைக்குள் உற்றுப் பார்த்தாள். ஒரு சின்ன ஆந்தை பயந்து போய் ஒரு படி பின்வாங்கியது.

"கண்ணு முழியப் பாக்காதடி. பிள்ளைங்க மிரளுது," என்றேன்.

ஏழரைக்குக் கூட்டம் குறைந்தது. கூடையில் பத்துப் பன்னிரண்டு அட்டைகள்தான் மிச்சம். கிளிண்ட் வீடு இங்கிருந்து ஐந்து தெரு தள்ளி இருக்கிறது. இந்தப் பக்கம் வர அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. கோரின் கைகளைக் கம்பளிக்குள் விட்டுக்கொண்டாள்.

"ரோண்டா, அவ வரலைன்னா இன்னிக்கு நீ இங்கயே படுத்துக்க. என்னைத் தனியா விட்டுடாத."

"சரி" என்றேன். எங்காவது பாட்டில் இருக்கிறதா என்று சமையலறை அலமாரி எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நடைபாதையில் அவனைப் பார்த்தேன். கிளிண்ட், கையில் பிள்ளை போடுகிற சின்னச் சிவப்புக் கோட்டு ஒன்றை மடித்துப் பிடித்தபடி, எங்கள் படிக்குக் கீழே தரையைப் பார்த்து நின்றான். நான்கு மாதமாக அவனை நான் திட்டாத நாளில்லை. ஐந்து தெரு நடந்து அவன் பிள்ளையை இங்கே கூட்டிவந்திருக்கிறான்.

படியில் ஒரு ரோபோ ஏறி வந்தது. வெள்ளிப் பெயிண்ட் அடித்த ஒரு பெரிய அட்டைப்பெட்டி உடம்பு, அதன் மேல் அசையாதபடி ஒட்டிய சின்னப் பெட்டி தலை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கம்பி வலை. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கோரினும் கிளிண்டைப் பார்த்துவிட்டாள். நாற்காலியிலிருந்து நழுவிப் பலகையில் மண்டியிட்டாள். பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று அவள் தோளைப் பிடித்தேன். அவள் சொல்லவில்லை. வருகிற பிள்ளையிடம் எல்லா வீட்டிலும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"நீ யாரு?"

பெட்டிக்குள் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"சொல்லக் கூடாது. யாருன்னு சொல்லாம மிட்டாய் மட்டும் வாங்கிட்டு வான்னு அப்பா சொல்லியிருக்காரு."

"சரி. சொல்ல வேணாம்."

கோரின் அட்டையை நீட்டினாள். வெள்ளிக் கையுறை போட்ட சின்னக் கை அதை வாங்கி, மிட்டாய்ப் பையாகப் பிடித்திருந்த தலையணை உறைக்குள் போட்டது. ரோபோ போகாமல் நின்றது.

"நீ யாருன்னு சொல்லலாமா?"

நான் என் தங்கையின் தோளை விட்டுவிட்டேன். சொல்லடி, எது வேண்டுமானாலும் ஆகட்டும், சொல்லிவிடு என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். டிசம்பர் எல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது.

"நானும் சொல்லக் கூடாது," என்றாள் கோரின்.

"சரி," என்றது ரோபோ. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது.

அதற்குள் அடுத்த பிள்ளை ஓடிவந்து ஏறிவிட்டது. "நான் டைனோசர்," என்று கேட்காமலே சொன்னது. "இவ என் தங்கச்சி, இவ பூசணி. எங்கம்மா அங்க நிக்குது." கோரின் கூடையை அப்படியே அவர்கள் பக்கம் தள்ளினாள். அவள் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிண்ட் முன்னால் நடக்க, பின்னால் அந்த வெள்ளிப் பெட்டி தெரு முனைவரை போய்விட்டிருந்தது. அந்தப் பெட்டிக்குள் தலையைத் திருப்ப வழியில்லை. பின்னால் பார்க்க வேண்டுமானால் முழு உடம்பையும்தான் திருப்ப வேண்டும். முனையில் அது நின்றது. அப்புறம் சின்னச் சின்னதாக அடியெடுத்து வைத்து, மெல்ல மெல்ல, முழு உடம்பையும் எங்கள் பக்கமாகத் திருப்பியது.