ஜூன் முப்பத்தொன்று

அந்த மருத்துவமனைச் சமையலறையின் இரண்டாம் குளிர் அறையில் ஜூன் மாதத்துக்கு முப்பத்தொரு நாள். அந்த முப்பத்தோராம் நாள் பதினோரு வருடம் நீடித்தது. வெளியே பஸ் கட்டணம் மூன்று தடவை ஏறியது, இரண்டு கண்காணிப்பாளர்கள் ஓய்வுபெற்றார்கள். உள்ளே அதே காலைதான். இதைப் பற்றி ஊரில் பெரிய பேச்சு எதுவும் எழவில்லை. பால் கெடாமல் இருந்தால் யாருக்கு என்ன குறை?

எல்லாம் ஸ்டோரக்காவின் கைவேலை. சரக்கறை அவள் பொறுப்பு. குளிர் அறைக் கதவில் தொங்கும் வெப்பநிலைத் தாளில் காலையும் மாலையும் எண்ணைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவள்தான். நாலு டிகிரி இருக்க வேண்டும்; ஐந்தைத் தாண்டினால் ஆளைக் கூப்பிட வேண்டும். பதினெட்டு வருடம் ஒரு நாள் தவறாமல் பார்த்துத்தான் எழுதினாள். அந்த ஜூனில் அவள் கணவர், பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், ஈரல் கெட்டு அதே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் வந்து படுத்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாடிக்கும் சமையலறைக்கும் ஏறி இறங்கி அலுத்துப்போய், ஐந்தாம் தேதி மத்தியானம் மாதக் கடைசிவரை எல்லாக் கட்டத்திலும் ஒரே மூச்சில் நாலு, நாலு, நாலு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டாள். தப்புத்தான். யார் செய்யவில்லை? அச்சடித்த தாளில் எல்லா மாதத்துக்கும் முப்பத்தொரு கட்டம் உண்டு. முப்பது நாள் மாதமென்றால் கடைசிக் கட்டத்தைக் கோடு போட்டு அடிக்க வேண்டும் என்பது விதி. அவள் அடிக்கவில்லை, அதிலும் நாலு போட்டாள்.

பன்னிரண்டாம் தேதி பராமரிப்புக்கு வந்த மெக்கானிக் இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “அக்கா, மோட்டார் கருகிக் கிடக்கு. ஒரு வாரமாவது ஆகியிருக்கும். உள்ள எப்படி நாலு நிக்குது?” அவள் தாளைப் பார்த்தாள். “எனக்கென்ன தம்பி தெரியும்,” என்றாள். புது மோட்டார் கேட்டு எழுதிப்போட்டார்கள். நாலு டிகிரி இருக்கும் அறைக்கு மோட்டார் எதற்கு என்று அலுவலகம் திருப்பி அனுப்பியது. கேள்வியில் நியாயம் இருந்ததால் மெக்கானிக்கும் விட்டுவிட்டார்.

முப்பதாம் தேதி சாயங்காலம் பெரிய டாக்டர் அவளைத் தனியே அழைத்து, “நாளைக்கு ஒண்ணாம் தேதி. அதைத் தாண்ட மாட்டார்மா,” என்றார். தேதி விஷயத்தில் அவர் வாக்குப் பிசகியதில்லை. மறுநாள் காலை மழை கொட்டியது. பால் எடுக்கக் குளிர் அறைக்குள் போனவள் மணி பார்க்கக் கைபேசியை எடுத்தாள். ஜூன் 31 என்று காட்டியது. வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கி வெளியே வந்தாள். ஜூலை 1. மறுபடி உள்ளே போனாள். ஜூன் 31. மூன்று தடவை போய் வந்தாள். பிறகு கணவரைக் கட்டிலோடு லிஃப்டில் இறக்கி, முட்டைத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு உள்ளே தள்ளி, மூன்று கம்பளி போர்த்தினாள். கூட வந்த நர்ஸ் நாலாவது கம்பளி ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் சாகவில்லை. தேறவுமில்லை. உள்ளே போகிற எல்லோருக்கும் மூச்சு புகையாக வரும், அவருக்கு வரவில்லை. தாடி வளரவில்லை, நகம் வளரவில்லை. அவள் போகும்போதெல்லாம், அன்றைக்கு முதல் தடவை பார்ப்பதுபோல, “மழை விட்டுடுச்சா?” என்பார். “விட்டுடுச்சுங்க,” என்பாள். சில சமயம், “இன்னைக்குக் காலைப் பொழுது என்னவோ இழுத்துக்கிட்டே போகுது,” என்பார். அவள் காதில் விழாததுபோல வெண்ணெய்ப் பெட்டிகளை எண்ணுவாள்.

சமையலறை பழகிக்கொண்டது. புதிதாகச் சேர்கிறவர்களிடம், தலைக்கு வலை போடு, கையைக் கழுவு, அண்ணன் கட்டிலை இடிக்காதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் முதல் வருடம் வந்தபோது, நோயாளியைப் பச்சை இறைச்சிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, மூடி வைக்க வேண்டும், தரையிலிருந்து ஆறங்குலம் உயரம் வேண்டும் என்று குறிப்பு எழுதினார். மூன்றும் சரிசெய்யப்பட்டன. அடுத்த வருடத்திலிருந்து குறை ஒன்றும் இல்லை. தாள்தான் பழுத்துப்போனது, சுற்றிலும் டேப் ஒட்டிக் காப்பாற்றினாள். யாரையும் தொடவிட மாட்டாள். அந்தக் கட்டம் போனால் அவரும் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். மற்றபடி சந்தோஷமாகவே இருந்தாள். சொல்லப்போனால் கொஞ்சம் திமிராகவே இருந்தாள்.

பதினோராம் வருடம் ஒரு நாள், அவள் தலைவலையைக் கழற்றித் திரும்பப் போட்டபோது அவர் உற்றுப் பார்த்தார்.

“உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது? நேத்து இல்லையே.”

அவள் வலையைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

“எத்தனை நாளா என்னை இங்க வெச்சிருக்க?”

“பதினோரு வருஷம்.” பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அதான் பார்த்தேன்,” என்று கம்பளியைத் தாடைவரை இழுத்துக்கொண்டார். “பதினோரு வருஷமா குளிருது எனக்கு. போதும்மா.”

அவள் கெஞ்சினாள், அழுதாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள். என்னை விட்டுவிட்டுப் போவது அவ்வளவு லேசாகிவிட்டதா என்று கேட்டாள். “நீ மட்டும் தனியா கிழவியாகிட்டு இருக்க,” என்றார் அவர். “அதை நான் படுத்துக்கிட்டே பார்க்கணுமா?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடைசிக் கட்டத்தை அடித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

கோடு போட்ட நிமிஷமே அறை சூடாகிவிடும். இருநூறு நோயாளிகளின் ராச்சாப்பாடு உள்ளே இருந்தது. ஆகவே முதலில் எல்லாவற்றையும் ஒன்றாம் குளிர் அறைக்கு மாற்றினாள். சமைத்தது மேல் தட்டில், பச்சையானது கீழ்த் தட்டில். மெக்கானிக்கிடம் சொல்லி மோட்டாருக்கு ஏற்பாடு செய்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய், கதவிலிருந்த தாளில் ஸ்கேல் வைத்து முப்பத்தோராம் கட்டத்தை அடித்தாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பதினோரு வருடமும் அவர்மேல் ஒன்றாக வந்து இறங்கின. தாடி நெஞ்சுவரை வளர்ந்தது. தலை அவள் தலையைப் போலவே நரைத்தது. வாயிலிருந்து ஒரே ஒரு மூச்சு வெள்ளையாக வந்து கலைந்தது.

இறப்புப் பதிவு எழுத்தர் பழைய சேர்க்கைச் சீட்டைப் புரட்டினார். “இதுல நாற்பத்தாறுன்னு இருக்கு. வயசு என்னம்மா போடறது?”

“ஐம்பத்தேழு,” என்றாள். “இத்தனை வருஷமும் என்கூடத்தான் இருந்தார்.”

எழுத்தர் ஐம்பத்தேழு என்று எழுதிவிட்டு, வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.