வெண்டெல் பதினோரு வருடமாக வாங்கும் வண்டி

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், இந்தக் கதை என் கற்பனை அல்ல. கான்சாஸில் என் பக்கத்து வீட்டு லொரேன், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டபடி சொன்னது. "எழுதுறவன்தானே நீ? எழுது. முடிவை மட்டும் சீக்கிரமா எழுது, எனக்கு நேரமில்ல" என்றாள். (எழுபது வயதுக்காரியை அவள், இவள் என்று எழுதலாமா என்று கோபிக்காதீர்கள். கதைக்குள் வந்துவிட்டால் எல்லோரும் என் வயதுதான்.)

2.

தொடக்கம் ஒன்று: "கான்சாஸின் கோதுமை வயல்கள் பொன்னிறமாக அசைந்து—"

வேண்டாம். கோதுமை அசையும், கதை அசையாது.

தொடக்கம் இரண்டு: "வெண்டெல், தானியக் கிடங்கில் முப்பத்து நான்கு வருடம் எடைமேடை பார்த்தவன்."

இது தேவலை. ஓய்வு பெற்ற மறுநாளே அவனிடம் மனைவி லொரேன் கேட்டாள்: அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளே வைத்த வீட்டுவண்டி ஒன்று வாங்கி, ஆரிகன் கடற்கரைக்குப் போகலாமா? அவள் கடலைப் பார்த்ததே இல்லை. வெண்டெல் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தான்.

புதுசு: கடை வாசலைத் தாண்டியதுமே விலையில் ஐந்தில் ஒரு பங்கு அம்போ. முதல் கோடை முழுக்கப் பட்டறையில் கிடக்கும். பழசு: கூரை ஒழுகும். டயர் பார்க்கப் பளபளக்கும், தயாரித்த தேதியைப் பார்த்தால் கிழடு. கூட்டிக் கழித்தால் இரண்டும் சரிசமம். அதனால் அடுத்த வருடம் மறுபடியும் ஒரு தாள், மறுபடியும் ஒரு கோடு.

[அடிக்குறிப்பு மாதிரி: இந்தக் கதையின் முதல் பாதியை ஆறு வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டேன். அதையே தட்டிக்கொட்டி ஓட்டுவதா, புதிதாக எழுதுவதா என்று யோசித்தே காலம் போனது. வெண்டெலைக் கிண்டலடிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.]

3.

லொரேன் என்ற பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். பதினோரு வருடம் ஒருத்தி பொறுப்பாளா? பொறுத்தாள். போன மாதம் கண் மருத்துவர் அவளிடம், வரும் வசந்தத்துக்குமேல் நீங்கள் வண்டி ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். வெண்டெலுக்கு நீள வண்டி ஓட்டப் பயம். குளிர்காலத்தில் மலைப்பாதை முழுக்கப் பனி. ஆக, இந்த இலையுதிர் காலத்தில் போகவில்லை என்றால் இனி இல்லை. அன்று அவள் காரிலேயே உட்கார்ந்து அழுதாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

4.

சனிக்கிழமை, டெல்மா என்ற விதவையின் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய வண்டி விற்பனைக்கு நின்றது. வெண்டெல் அதன் தயாரிப்பு எண்ணை, பதினோரு வருடமாகப் பார்த்த வண்டிகளையெல்லாம் குறித்துவைத்த தன் நோட்டில் தேடினான். அவன் முகம் மலர்ந்தது.

"லொரேன்! முதல் வருஷம் கடையில புதுசா பார்த்தோமே, அதே வண்டி! அன்னைக்குத் தொண்ணூத்தெட்டாயிரம் டாலர், இன்னைக்கு நாப்பத்தோராயிரம். பார்த்தியா, காத்திருந்ததுல அம்பத்தேழாயிரம் மிச்சம்!"

"இன்னும் பத்து வருஷம் பொறு. காயலான் கடையில சும்மாவே குடுப்பான்."

அவன் சுவரை அழுத்தினான், முகர்ந்தான், குளியலறைக்குள் உடுப்போடு நின்று கை கால் ஆட்டிப் பார்த்தான். பிறகு கதவில் ஒட்டியிருந்த நாட்டு வரைபடத்தைப் பார்த்துத் திடுக்கிட்டான். டெல்மாவும் அவள் கணவரும் ராத்தங்கிய மாநிலங்களின் மேலெல்லாம் வண்ணச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். நாற்பத்தொன்று.

"நாம படுக்காத நாப்பத்தோரு மாநிலத்தை நம்ம கதவுல வச்சுக்கிட்டு சர்ச்சுல எப்படி மூஞ்சியைக் காட்டுறது?"

இது எங்கள் பக்கம் விளையாட்டு அல்ல. ராத்தங்காமல் சீட்டு ஒட்டியவரோடு பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு.

"ஹேர் டிரையரைக் காட்டினா உரிஞ்சு வந்துடும்பா" என்றாள் டெல்மா.

"பெயின்ட்டும் கூடவே வருமே!" வெண்டெல் 'வரைபடம் உரிக்கும் செலவு' என்று புதிதாக ஒரு வரி எழுதிக்கொண்டு, கூரையைச் சோதிக்க ஏணியில் ஏறிவிட்டான்.

லொரேன் வரைபடத்தில் ஆரிகனைத் தேடினாள். அது வெறுமையாக இருந்தது.

"அங்க ஏன் போகல?"

"அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னாரு" என்றாள் டெல்மா. "அப்புறம் அவரே போயிட்டாரு."

5.

முடிவு அ: புதுசு வாங்குகிறார்கள். [அது பட்டறையில் நிற்கிறது. வசந்தம் வந்துவிடுகிறது.]

முடிவு ஆ: பழசு வாங்குகிறார்கள், வழியில் டயர் வெடித்து—

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே லொரேன் டெல்மாவிடம் காசோலையை நீட்டிச் சாவியை வாங்கி, ஓட்டுநர் இருக்கையில் ஏறி, எஞ்சினைக் கிளப்பிவிட்டாள். என்னைக் கேட்கவே இல்லை. சன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"யோவ் வெண்டெல்! நான் ஆரிகனுக்குப் போறேன். இறங்கி வந்து உள்ள உக்காரப் போறியா, அங்கயே இருக்கப் போறியா?"

வண்டியின் கூரைமேல் மண்டியிட்டிருந்தவன் நோட்டைப் புரட்டினான்.

"ரெண்டுக்கும் என்ன செலவாகும்னு பார்த்துச் சொல்றேன், இரு!"

லொரேனின் கால் பிரேக்கின்மேல் இருக்கிறது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். காலை எடுக்கலாமா என்று அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.