மறியலில் எடுத்த கல்யாணப் படம்

கல்யாணப் படம் எடுக்க ரொறன்ரோவில் இடமா இல்லை? ஏரிக்கரை இருக்கிறது, பூங்கா இருக்கிறது, பணக்காரர்கள் கட்டிவிட்டுப் போன மாளிகைகள் இருக்கின்றன. என்னைக் கட்டப்போகிறவர், இல்லை, சட்டப்படி கட்டியே முடித்தவர், தேர்ந்தெடுத்தது ஒரு பழைய சிறைச்சாலையை. மறியல் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். கைதிகள் எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகு அதை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு விடுமுறை. அன்றைக்குப் படமெடுக்கிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள்.

"எல்லாரும் ஏரிக்கரையிலதான் எடுக்கினம். இது வித்தியாசமா இருக்கும், துவாரகா," என்றார் திலக்சன். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். அதற்குள் முன்பணமும் கட்டியாயிற்று.

சட்டப்படி கட்டி முடித்தவர் என்றேன் அல்லவா? எங்கள் ஆட்களிடம் தாலி கட்டுவதற்குப் பல மாதம் முன்பே எழுத்து வைத்துவிடுகிற பழக்கம் உண்டு. பதிவுத் திருமணத்தைத்தான் எழுத்து என்போம். மண்டபம் ஆவணிக்குத்தான் கிடைத்தது. ஆனால் பிக்கரிங்கில் வாங்கும் புது வீட்டுக்கு இரண்டு பேரின் பெயரும் உடனே வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். ஆகவே தை மாதமே எங்கள் வரவேற்பறையில் வைத்துக் கையெழுத்துப் போட்டோம், கேக் வெட்டினோம். அவர் தன் வீட்டுக்குப் போனார். நான் மல்வேர்னில் அம்மாவுடனேயே இருந்தேன். மறுநாள் வழக்கம்போல பஸ் பிடித்து வேலைக்குப் போனேன். ஒன்றும் மாறாத மாதிரித்தான் இருந்தது.

மாறியது என்னவென்றால், இனி எனக்குப் பிடிக்கவில்லை என்றால் கல்யாணத்தை நிறுத்த வழியில்லை. விவாகரத்துத்தான் எடுக்கவேண்டும். ஒரு நாள்கூட ஒரே வீட்டில் இருக்காமல் விவாகரத்து. அந்தச் சொல்லைக் கேட்டாலே அம்மாவுக்கு பிரஷர் ஏறிவிடும்.

திலக்சன் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். குடிக்கமாட்டார், கத்தமாட்டார். எனக்காக எல்லாவற்றையும் அவரே செய்துவிடுவார். அதுதான் என் தலைவலி. சாப்பாட்டுக் கடையில் எனக்கு என்ன வேண்டும் என்று பரிமாறுகிற பெண் கேட்டால் அவர் பதில் சொல்லுவார். அம்மா அதைப் பார்த்து உருகிப்போவார். "உனக்கு ஒரு கரைச்சலும் இல்லை பிள்ளை. நீ வாயே திறக்கத் தேவையில்லை" என்பார். அம்மா அதை வரமாகத்தான் சொன்னார்.

நான் நேர்ஸ். வடக்கே தண்டர்பேயையும் தாண்டி ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் ஒரு வருட வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். படிக்கிற காலத்திலிருந்தே அப்படி ஓர் இடத்தில் வேலை செய்ய ஆசை. ஒரே நாளில் பிரசவமும் பார்க்கவேண்டும், முறிந்த காலும் பார்க்கவேண்டும். எழுத்துக்கு முன்பே அவரிடம் சொன்னேன். "கிடைச்சால் பாப்பம்" என்றார். இந்த ஆனி மாதத்தில் போனில் முடிவைச் சொல்வதாக அங்கிருந்து அறிவித்திருந்தார்கள். கிடைக்காது என்றுதான் அவர் இருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலை மறியல் வாசலில் இறங்கும்போது என் உடம்பில் ஆறு யார் கூறைச்சேலை, ஒட்டியாணம், தலை நிறையப் பூ. கைப்பை படத்துக்கு வடிவில்லை என்று படப்பிடிப்பாளன் லெஸ்லி சொன்னதால் என் போன் திலக்சனின் சட்டைப் பைக்குப் போயிற்று. அம்மா ஊசிகளும் கைக்குட்டையுமாகப் பின்னால் வந்தார்.

நரைத்த தலைமயிருடன் ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களை உள்ளே கூட்டிப்போனார். உயரமான நடுக்கூடம், அதைச் சுற்றி இரும்பு நடைபாதை, அதன் ஓரமாக வரிசையாகச் சிறைக்கூடுகள். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு உடுப்பு அலுமாரியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கைதிகள் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டமாம். "நல்ல சட்டம்," என்று திலக்சன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அம்மா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஐந்து மாதமாகச் சிரித்துவைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பெண் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: கதவுகளை இழுத்துச் சாத்தவேண்டாம், பழைய பூட்டு, தானாக விழுந்துவிடும்.

லெஸ்லியின் யோசனை இதுதான். முதலில் மாப்பிள்ளை கம்பிக்குள்ளே, கையில் பொய்ச் சாவியோடு நான் வெளியே. பிறகு நான் உள்ளே. ஆயுள் தண்டனை என்று பகிடிக்குத் தலைப்பும் போட்டுவிடலாம். மாப்பிள்ளையின் முறை நல்லபடி முடிந்தது. நான் உள்ளே போய் இரும்புக் கட்டிலில் சேலையை விரித்து உட்கார்ந்தேன்.

"அண்ணை, கதவு பாதியில நிக்கிறது வடிவில்லை. கொஞ்சம் கிட்ட கொண்டு வாங்கோ," என்றான் லெஸ்லி.

"சாத்த வேண்டாமெண்டு அவ சொன்னவ," என்றேன் நான்.

"நீர் பேசாமல் இரும், நான் பாத்துக்கொள்ளுறன்," என்றபடி திலக்சன் கதவை இழுத்தார். இரும்பு இரும்பில் விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு அவர் எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

வழிகாட்டிப் பெண் ஓடிவந்தார். முகம் சிவந்துவிட்டது. பூட்டின் உண்மையான திறப்பு கட்டடப் பராமரிப்பாளரிடம் இருக்கிறதாம், அவர் பக்கத்துக் கட்டடத்தில் நிற்கிறாராம், கூட்டிவருகிறேன் என்று போனார். லெஸ்லிக்கோ ஒரே சந்தோசம். "அக்கா, அந்த முகத்தோடயே இருங்கோ. உண்மையாயே பயந்த மாதிரி இருக்கு," என்று சொல்லிச் சொல்லி எடுத்தான்.

பயம்தான். அதை ஏன் மறைக்கவேண்டும்? சுவர் இரண்டு தோளையும் தொடுவது போல் நெருங்கி வந்தது. ஒட்டியாணம் வயிற்றை இறுக்கியது. எழுந்து நிற்கவேண்டும் போல் இருந்தது. எழுந்தால் சேலை மடிப்புக் கலைந்துவிடும் என்று அம்மா வெளியே நின்று கையைக் காட்டினார். மூச்சை எண்ணி விட்டேன். நோயாளிகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற வித்தை அது. எனக்குப் பலிக்கவில்லை.

அப்போதுதான் என் போன் அடித்தது.

திலக்சன் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். "எண்ணூற்றி ஏழு. இது எங்கத்தைய நம்பர்?"

எண்ணூற்றி ஏழில் தொடங்கினால் வடக்கு, அந்த ஆஸ்பத்திரிப் பக்கம். நான் எழுந்துவிட்டேன். மடிப்பாவது மண்ணாவது. கம்பிக்குள்ளால் முழங்கை வரை கையை நீட்டினேன். "அது எனக்கு. தாங்கோ."

"கம்பிக்குள்ளால விழுத்திப்போடுவீர். பொறும்." போனைக் காதில் வைத்தார். எட்டிப்பிடிக்க முடியாத தூரத்தில், நடைபாதையில் மெதுவாக நடந்தபடி, நல்ல ஆங்கிலத்தில் பேசினார். ஆம், துவாரகாவின் தொலைபேசிதான். இல்லை, இப்போது வரமுடியாது. அப்படியா, மிக்க சந்தோசம். ஆனால் அவருக்குக் கல்யாணம், புது வீடு, இந்த வருடம் சரிவராது. நீங்கள் வேறு ஆளை எடுத்துக்கொள்ளலாம். நன்றி.

"திலக்சன்!" என்றேன். என் குரல் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. அவர் ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, மறுமுனைக்கு நல்ல நாளாக அமைய வாழ்த்தும் சொல்லி முடித்தார்.

"கிடைச்சிட்டுதாம். கெட்டிக்காரி," என்று சிரித்தார். "நான் சொல்லிப்போட்டன். உமக்கு இல்லையெண்டு சொல்ல ஒரு மாதிரி இருக்குமெல்லே."

அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் கண்ணில் பெரிய நிம்மதி. "தம்பி செய்தது நல்லதுதான் பிள்ளை. மூக்கைச் சிந்தாதை, மேக்கப் போயிடும்," என்று கைக்குட்டையைக் கம்பிக்குள்ளால் நீட்டினார்.

நான் அதை வாங்கவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். நூறு வருடமாக எத்தனையோ பேர் உலுக்கிய கம்பி, எனக்கா அசையும்? வளையல் இரண்டு உடைந்தன. லெஸ்லி அதையும் எடுத்தான்.

வழிகாட்டிப் பெண் ஒரு கிழவரோடு வந்துசேர்ந்தார். கிழவர் மன்னிப்புக் கேட்டுக்கேட்டுப் பூட்டைத் திறந்தார். நான் வெளியே வந்து திலக்சனின் முன்னால் கையை நீட்டினேன். யோசிக்காமல் போனைத் தந்தார். அவருக்கு அது முடிந்துபோன அலுவல்.

"வீட்ட போய்க் கதைப்பம்," என்றார் அம்மா. என் முகத்தை வாசித்துவிட்டார்.

வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணி வரும். பெரியம்மா வருவா. அவருடைய அம்மா போனில் அழுவா. இருட்டுவதற்குள் நானே எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நான் அங்கேயே நின்று அந்த நம்பரை அழுத்தினேன். இசை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு ஒரு பெண் குரல் கேட்டது. என் பெயரைச் சொன்னேன்.

"சற்று முன்னர்தான் ஒருவர் நீங்கள் வரவில்லை என்றார். அவர் உங்களுக்கு யார்?"

"என் கணவர்," என்றேன்.

அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. திலக்சன்கூட வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"எனக்காகப் பதில் சொல்லும்படி நான் அவரிடம் கேட்கவில்லை. இடம் இன்னும் இருக்கிறதா?"

இருந்தது. இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. வருகிறீர்களா என்று கேட்டாள். "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

போனை வைத்தபோது லெஸ்லி கமராவை இறக்கியிருந்தான். அம்மா பக்கத்துக் கூட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். திலக்சனின் முகத்தில் கோபம் இல்லை. சந்தையில் அம்மாவின் கையைத் தவறவிட்ட பிள்ளையின் முகம் அது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"அப்ப நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

பதில் தெரியாமல் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வாய்க்குள் இரண்டு மூன்று பதில் வந்தன. எல்லாம் அவரைத் தேற்றுகிற பதில்கள். விழுங்கிக்கொண்டேன்.

"உங்களுக்கு நான் பதில் சொல்லமாட்டன்," என்றேன். "அதை நீங்கள்தான் சொல்லவேணும்."