கேள்விக்குறி வைத்த செய்தி

செங்கலடிச் சட்டத்தரணி யசோதினி ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போகிறாள் என்றதும் முதலில் சிரித்தவள் அவளேதான். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் கிளை வைத்திருந்த 'மக்கள் முன்றில்' என்ற சிறிய கட்சி, தன் வேட்பாளரை நாலு பேர் கொழும்பில் கூடித் தீர்மானிக்கக் கூடாது, உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவுசெய்ய வேண்டும் என்று முடிவெடுத்திருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மாவட்டத்தில் வாக்கெடுப்பு. வெல்லக்கூடிய தேர்தல் அல்ல. ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பேச ஒரு மேடை கிடைக்கும். போட்டியிட்டவர்கள் இருவர்: யசோதினியும், பழைய தொழிற்சங்கக்காரரான தங்கராசாவும். திருகோணமலையில் யசோதினி நன்றாகவே வென்றாள். அந்த வாரம்தான் இணையத்தில் அந்தப் புகைப்படம் வந்தது.

கல்குடாவில் ஒரு விடுதி வாசல். மழை. ஓட்டோவிலிருந்து இறங்குகிறாள் யசோதினி. அவள் தலைக்கு மேல் குடை பிடித்தபடி, தோளோடு ஒட்டினாற்போல ஓர் இளைஞன். மட்டக்களப்பில் இணையச் செய்தித்தளம் நடத்தும் ரதீஸ் தலைப்பிட்டிருந்தான்: 'விடுதியில் பெண் வேட்பாளர்! உடனிருந்தவர் யார்?'

கடைசியில் கேள்விக்குறி இருந்தது. சட்டம் படித்தவளுக்கு அந்தக் குறியின் உபயோகம் தெரியும். அவன் ஒன்றுமே சொல்லவில்லை, கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். சொல்லும் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பின்னேரம் அவளுக்கு ஒரு காதலன் வந்தான். விடிந்தபோது அவனுக்கு மனைவியும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். மத்தியானம் அவன் அவளுக்குக் கொழும்புப் பக்கம் தெஹிவளையில் வீடே வாங்கிக் கொடுத்திருந்தான்.

குடை பிடித்தவன் ஏறாவூர் ஓட்டோக்காரன் ஸாஹிர். அவனே தொலைபேசியில் அழைத்தான்.

"மிஸ், நான் வந்து உள்ளத சொல்லட்டா?"

"வேணாம் ஸாஹிர். நீ ஆரெண்டு தெரிஞ்சா ராத்தா எங்க இரிக்கா எண்டும் தேடிப் புடிச்சிருவானுகள்."

அவனுடைய அக்கா ஹப்ஸா அந்த விடுதியின் பின்னறையில் இருந்தாள். அவளுடைய வழக்கு யசோதினியின் கையில் இருந்தது. யாருக்கும், கணவனுக்குக்கூட, சொல்வதில்லை என்று ஹப்ஸாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அன்று இரவு யசோதினி வீட்டுக்குள் நுழைந்தாள். கணவன் சிவதர்ஷன் படத்தைப் பார்த்திருந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவன் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் யாரோ காட்டியிருப்பார்கள்.

"நான் இப்ப ஒண்டும் சொல்ல ஏலா, சிவா."

"ஏலாட்டி சொல்லாத. வழக்கு விசயமெண்டு எனக்கு விளங்குது." சோற்றுக் கோப்பையை எடுத்து வைத்தான். "விளங்காட்டியும் நான் உன்னட்டக் கேக்கமாட்டன்கா. சோறு ஆறுது, வா."

அவள் கை கழுவும் சாக்கில் குழாயடியில் நெடுநேரம் நின்றாள்.

வவுனியாவில் தோற்றாள். மாலை போடக் காத்திருந்தவர்கள் மாலையைக் காணவில்லை என்றார்கள். மலையகத்தில் மண்டபத்தின் பாதிக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. நீர்க்கட்டணம் பற்றியும் காணி உறுதிப்பத்திரம் பற்றியும் அவள் பேசியதை எந்தத் தளமும் போடவில்லை. அவள் மண்டபத்தைவிட்டு வெளியேறும்போது முகத்தை மூடிக்கொண்டாள் என்று போட்டார்கள். உண்மையில் தும்மினாள்.

கடைசி வாக்கெடுப்பு மட்டக்களப்பில், செங்கலடியில். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"தங்கச்சி, ஊருக்கே தெரிஞ்ச கதை. அந்தப் பொடியன் ஆரு?"

"அது நான் சொல்லக்கூடிய விசயமில்ல அண்ணன். அதுக்காக நீங்க எனக்கு வாக்குப் போடாம விட்டா, நான் கோவிக்க மாட்டன்."

மண்டபம் முணுமுணுத்தது. அப்போது வாசற்பக்கத்தில் கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். யார் என்று கண்டதும் யசோதினி பதறிப்போய்க் கையை அசைத்தாள். 'வேண்டாம், இரு' என்றது அந்தக் கை. ஹப்ஸா அதைப் பார்த்தும் பாராதவள்போல ஒலிவாங்கியை வாங்கினாள்.

"என்ட பேர் ஹப்ஸா. ஏறாவூர். குடை புடிச்சிக்கிட்டு நிக்கிறவன் என்ட தம்பி. அந்த ஹோட்டலுக்குள்ள இருந்தது நான்." ஒலிவாங்கியை இன்னும் கிட்டப் பிடித்தாள். "வேலைக்குப் போன நாட்டுல எனக்கு அடிச்சாங்க, சூடு வெச்சாங்க. அனுப்பின ஏஜென்ட்டுக்கு வழக்கு வெச்சதும் அவன்ட ஆக்கள் வீட்டுக்கே வந்துட்டாங்க. இந்த மிஸ்தான் என்ன மறைச்சி வெச்சாங்க. ஆருக்கும் சொல்லப்படாதெண்டு நான்தான் சத்தியம் வாங்கினன். அவங்கட மானம் போகக்குள்ளயும் அத முறிக்கல்ல. இதுக்கு மேல என்னட்ட ஒண்டும் கேக்காதீங்க."

கேள்வி கேட்டவர் மெல்ல உட்கார்ந்தார். யசோதினி மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை, செய்தி சேகரிக்க வந்திருந்த ரதீஸ் படம் எடுக்கவில்லை. எடுக்கத் தூக்கிய தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டான். அன்றே மறுப்பும் மன்னிப்பும் பிரசுரித்தான். முதல் செய்தியைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட அதைப் பார்க்கவில்லை.

மட்டக்களப்பில் யசோதினி அமோகமாக வென்றாள். ஆனாலும் மொத்தத்தில் தங்கராசாதான் வேட்பாளர். வவுனியாவும் மலையகமும் முன்பே வாக்களித்து முடித்திருந்தன. அவர் தொலைபேசியில் சொன்னார்: "பிள்ள, இந்த வெற்றி எனக்கு இனிக்கல்ல. என்னோட வந்து மேடையில பேசுவியா?"

"வாறன் ஐயா. காணி விசயத்த நான் பேசுறன்."

ஹப்ஸா இனி ஒளிவதில்லை என்று வீட்டுக்கே திரும்பியிருந்தாள்; மறுநாள் யசோதினி ஏறாவூருக்குப் போனாள். நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடினாள். வாசலில் ஹப்ஸாவைக் கண்டதும் எல்லாம் போய்விட்டது.

"ஏன்கா கூட்டத்துக்கு வந்தாய்? உனக்கு ஆபத்தெண்டு தெரியாதா?"

"தெரியும் மிஸ். நீங்க தோத்துட்டீங்களே எண்டுதான் கவலை."

"நான் தோக்கல்லகா." சொன்ன பிறகுதான், அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல என்று யசோதினிக்கே விளங்கியது. கேள்வி கேட்காமல் சோறு போட்ட கணவன் இருந்தான். கேட்காமலே வந்து எழுந்து நின்ற இவள் இருந்தாள்.

ஹப்ஸா அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கூடத்தில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் தயங்கியபடி எழுந்தார்கள்.

"ஓட்டமாவடியில இருந்து வந்திரிக்காங்க மிஸ். இவங்களையும் அனுப்பினது அதே ஏஜென்ட்தானாம். நான் பேசினத ஆரோ எடுத்த வீடியோவுல பாத்துட்டு வந்தாங்களாம்."

யசோதினி கதிரையை இழுத்துப் போட்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"இரிங்க," என்றாள். "அவசரமில்ல, ஆறுதலாச் சொல்லுங்க."