இடப்பக்கக் கதவு

நீதிபதி மாணிக்கவாசகத்துக்குப் பணிக்காலத்தில் குழப்பமே வந்ததில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் காரில் எந்தப் பக்கம் ஏறுவது என்ற குழப்பம் இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறது.

மந்தைவெளியில் ஒரே குடியிருப்பில் கீழ்த்தளத்தில் அவர், மாடியில் நீதிபதி நஸ்ருன்னிசா. இருவருக்கும் ஒரே நீதிமன்ற வளாகம், ஒரே கார். பணியில் மூத்தவர் பின்சீட்டில் இடப்பக்கம் உட்காருவார். ஓட்டுநர் தமிழ்மாறன் ஓடிவந்து அவருக்குக் கதவைத் திறந்துவிடுவார். இளையவர் சுற்றிக்கொண்டு போய், ஆட்டோவும் பைக்கும் உரசாமல் பார்த்து, தானே வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொள்ள வேண்டியதுதான். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனாலும் மூன்று வருடமாக மாணிக்கவாசகம் இடம், நஸ்ருன்னிசா வலம்.

போன திங்கட்கிழமை புதிய பணிமூப்புப் பட்டியல் வந்தது. பழைய பட்டியலில் இவர் பதினேழு, அந்த அம்மா பதினெட்டு. புதியதில் அந்த அம்மா பதினேழு. இவர் எங்கே என்று விரலை வைத்துக் கீழே இறங்கிக்கொண்டே போனால், இருபத்தாறு.

மாணிக்கவாசகம் முன்சீப்பாகச் சேர்ந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். நஸ்ருன்னிசா வக்கீலாக இருந்து, பரீட்சை எழுதி, 2014இல் நேராக மாவட்ட நீதிபதியாக வந்து உட்கார்ந்தவர். இவருக்கு அந்தப் பதவி 2013இலேயே தற்காலிகமாகக் கிடைத்துவிட்டது. நிரந்தரமானது 2016இல். தற்காலிகக் காலத்தைச் சேர்த்துக்கொண்டால் இவர் மூத்தவர். சேர்க்காவிட்டால் அந்த அம்மா. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதற்கு விதிகள், விதிகளுக்குத் திருத்தங்கள், திருத்தங்களுக்கு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் தீர்ப்புகள். எல்லாவற்றையும் படித்தார். இட்லி சாப்பிடும்போது தான் மூத்தவர் என்று தோன்றியது. கைகழுவிவிட்டு வருவதற்குள் இல்லை என்று தோன்றியது.

வெறும் எண்தானே என்று விட்டுவிடவும் முடியவில்லை. அடுத்த மாதம் பக்கத்து மாவட்டத்தில் முதன்மை நீதிபதி இடம் காலியாகிறது. இவர் ஓய்வுபெற இன்னும் எட்டே மாதம். பதினேழாவது இடம் திரும்பக் கிடைத்தால் அந்த நாற்காலி இவருக்கு. இல்லையென்றால் சேர்ந்த நாளிலிருந்து கண்ட கனவு அத்தோடு போயிற்று. ஆட்சேபணை மனு கொடுக்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி.

செவ்வாய்க்கிழமை காலை தமிழ்மாறன் கதவுப் பிடியில் கைவைத்தபடி நின்றார்.

"ஐயா, புது லிஸ்ட்டு வந்துகீதாமே. நான் யாருக்குக் கதவு தொறக்கணும்?"

"சார், நீங்க ஏறுங்க" என்றார் நஸ்ருன்னிசா.

"இல்லம்மா, நீங்க ஏறுங்க."

மரியாதையிலேயே ஐந்து நிமிடம் போயிற்று. புதன்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் போய் முட்டிக்கொண்டார்கள். வியாழக்கிழமை மாணிக்கவாசகம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு ஆட்டோவில் போனார்.

அன்று மாலை 2013ஆம் வருடத்து ஆணையைத் தேடி பீரோவைக் குடைந்தார். மனைவி மீனாட்சிதான் கண்டெடுத்துக் கொடுத்தாள். ஆணையோடு இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தற்காலிக நியமனத்தை வைத்துப் பணிமூப்பு கோரமாட்டேன் என்ற உறுதிமொழி. கீழே அவர் கையெழுத்து. அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததாகவே அவருக்கு நினைவில்லை. ஓரத்தில் இருந்த நெய்க்கறைதான் நினைவூட்டியது. பதவி வந்த அன்று அலுவலகமே கூடி வாழ்த்திக்கொண்டிருக்க, யாரோ தாள்களை நீட்ட, இனிப்புப் பெட்டியின் மேலேயே வைத்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருக்கிறார்.

"படிச்சுப் பாக்காம போடாதன்னு ஊருக்கெல்லாம் சொல்ற ஆளு நீங்க" என்றாள் மீனாட்சி.

"அன்னிக்குச் சந்தோஷத்துல இருந்தேன். மேலிடத்துல குடுக்கறத யாரு படிச்சுப் பாப்பா?"

"அதையே மனுவுல எழுதுங்க. இத்தன வருஷ உழைப்ப ஒரு காகிதம் தின்னுட்டுப் போக விட்டுடாதீங்க."

எழுதினார். படித்துப் பார்க்க அவகாசமின்றிப் பெறப்பட்ட உறுதிமொழி தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அழகாகவே எழுதினார். நாலு பக்கம் வந்தது. எழுதி முடித்தபோது, தான் சொல்வதுதான் நியாயம் என்று முழுசாக நம்பவும் செய்தார்.

மறுநாள் மனுவைப் பையில் வைத்துக்கொண்டு நீதிமன்ற மேடையில் ஏறினார். முதல் வழக்கு தீர்ப்புக்காக இருந்தது. போன வாரமே எழுதி முடித்த தீர்ப்பு. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பாஞ்சாலி, வீட்டில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அது செல்லாது என்று மேல்முறையீடு செய்திருந்தாள். மாணிக்கவாசகம் படித்துக்கொண்டே வந்தார். மூன்றாம் பக்கத்தில் குரல் நின்றது.

'எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், படித்துப் பார்க்காமல் கையொப்பமிட்டேன் என்று பின்னாளில் கூறுவதை ஏற்க இயலாது.'

தன் வாக்கியம்தான். தண்ணீர் குடித்தார். இதை மாற்ற இன்னும் அதிகாரம் இருந்தது. மாற்றினால் தனக்காக மாற்றியதாகிவிடும். மாற்றாவிட்டால் இதுவேதான் தனக்கும் தீர்ப்பு. மனு சரியென்றால் தீர்ப்பு தப்பு. தீர்ப்பு சரியென்றால் பையில் இருக்கும் நாலு பக்கமும் வீண். எந்தப் பக்கமாகப் போனாலும் அங்கே தானே வழிமறித்து நிற்பதுபோல் இருந்தது. போன வாரம் இதை எழுதும்போது அவருக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. அன்று இருந்த சட்டம்தான் இன்றும் இருக்கிறது. மேலே படித்தார். மேல்முறையீடு தள்ளுபடி.

பாஞ்சாலி வக்கீலை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அழவில்லை.

"எட்டாவது படிச்சிகீறேன் சாமி, இல்லைன்னு சொல்லல. பொண்ணுக்கு நிச்சயம் ஆன நாளு, சந்தோஷமா நின்னுக்கினு இருந்தேன். கூடப் பொறந்தவன் நீட்டுனான், போட்டேன். அவன் குடுக்குறதப் படிச்சிப் பாத்துக்கினா இருப்பாங்க? நீயா இருந்தா படிச்சிருப்பியா?"

மரியாதையாகப் பேசு என்று யாரோ அதட்டினார்கள். மாணிக்கவாசகம் கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேலே அப்பீல் இருக்கிறதம்மா, வக்கீலைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

சாயங்காலம் ஐந்து பத்துக்கு இருவரும் காருக்கு வந்தார்கள். தமிழ்மாறன் இரண்டு கதவுக்கும் பொதுவாகப் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தார். மாணிக்கவாசகம் வலப்பக்கம் சுற்றிப் போனார்.

"சார், லிஸ்ட்தான் இன்னும் முடிவாகலையே" என்றார் நஸ்ருன்னிசா. "நீங்க மனு குடுக்கறதா சொன்னாங்க. எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. உண்மையச் சொன்னா, யாரு சீனியர்னு எனக்கே புரியல."

"குடுக்கலம்மா. எனக்கு முடிவாயிடுச்சு. நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க."

தமிழ்மாறன் ஓடிப்போய் அந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்தார். மாணிக்கவாசகம் உள்ளே உட்கார்ந்து தன் கதவை இழுத்துச் சாத்தினார். அது சரியாகப் பதியாமல் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார். மறுபடியும் திறந்துகொண்டது.

"கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு அறையணும் சார்" என்றார் நஸ்ருன்னிசா. "மூணு வருஷமாவே அப்படித்தான் இருக்கு."

"சொல்லவே இல்லையேம்மா."

"நீங்க கேக்கலையே சார்."

அவர் கதவைத் தூக்கிப் பிடித்து ஓங்கி அறைந்தார். கார் கிளம்பியது.