கரண்டியால் குடிக்கும் தண்ணீர்

“உனக்குச் சம்பளம் யாரு குடுக்கறா?” முதல் சந்திப்பிலேயே வெர்ன் ஹாக்லண்ட் கேட்டார்.

“உங்க பொண்ணு மாரிட்.”

“அப்ப நீ அவளோட உளவாளி.”

“உளவாளியா இருந்தா இதைவிட நல்ல ஷூ போட்டிருப்பேன்.”

பக்கவாதம் விட்டுவைத்த பாதி முகத்தால் சிரித்தார். மேசையிலிருந்த கோப்பையை என் பக்கம் தள்ளினார். “இதக் குடிச்சுப் பாரு. தண்ணியாம்.”

கோப்பையைச் சாய்த்தேன். அது விழவில்லை; நத்தை மாதிரி ஊர்ந்து வந்து நாக்கில் ஏறியது.

“எப்படி?”

“இத வச்சு சுவத்துல காகிதம் ஒட்டலாம்.”

“ஒட்டாதும்மா. அதுக்கும் லாயக்கில்ல.”

அது நடந்து நான்கு மாதம் ஆகிறது. வயதானவர்களின் பராமரிப்பைக் கவனித்து, அவர்கள் சார்பில் பேசுவது என் தொழில். பிள்ளைகள் தொலைவில் இருப்பார்கள். என்னை நியமித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். மாரிட் இருப்பது அரிசோனாவில். வெர்ன் இருப்பது நாட்டின் வடக்குக் கோடியில், துலூத்தில், ஒரு முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடியில். ஜன்னல் நிறைய சுப்பீரியர் ஏரி. அந்த ஏரியில் சரக்குக் கப்பல் சமையற்காரராக முப்பது வருடம் இருந்தவர், அதைப் பார்த்தபடி கரண்டியால் தண்ணீர் தின்றுகொண்டிருந்தார்.

பக்கவாதம் வந்த வாரத்தில் ஆஸ்பத்திரியில் யாரோ அவர் விழுங்குவதைச் சோதித்து, தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம், மாவு கலந்து கெட்டியாக்கிக் கொடுங்கள் என்று எழுதினார்கள். அந்த வாரத்துக்கு அது சரிதான். ஆனால் இல்லத்தில் அந்தத் தாளை மாதாமாதம் அப்படியே படியெடுத்தார்கள். இரண்டு வருடம். கை தேறியது, பேச்சு தேறியது. தொண்டை தேறியதா என்று பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுசோதனை கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: குடும்பம் கேட்கவில்லை. கூடத்தில் மட்டும் பெரிய வண்ணப் படம் தொங்கியது: ‘தண்ணீர் நிறையக் குடிப்போம்!’

சுயபுத்தியோடு இருப்பவர் கெட்டித் தண்ணீர் வேண்டாமென்றால் சட்டம் அவர் பக்கம். ஆனால் அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். என்னிடம் தினமும் சொன்னார். மாரிட்டிடம் சொல்லுங்கள் என்றால் ஏரியைப் பார்க்கத் திரும்பிவிடுவார்.

“பதினோரு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில தூங்கினா அவ. ‘அப்பா, டாக்டர் சொல்றதக் கேளு’ன்னு அழுதா. சரின்னுட்டேன். இப்ப எந்த முகத்தோட மாத்திச் சொல்றது?”

நேற்று, மூன்று மாதத்துக்கொருமுறை நடக்கும் ஆலோசனைக் கூட்டம். மாரிட் விமானத்தில் வந்திருந்தாள். இல்லத்தின் நிர்வாகி ஷெல்பி எல்லோருக்கும் ஐஸ் மிதக்கும் தண்ணீர் வைத்தாள். வெர்னுக்கு மட்டும் கோப்பையும் கரண்டியும்.

“இன்னைக்கு நாம எப்படி இருக்கோம், செல்லம்?” என்றாள் அவரிடம்.

“என்னைப் பத்தித்தான் எனக்குத் தெரியும். உன்னைப் பத்தி நீதான் சொல்லணும்.”

ஷெல்பி அதை நகைச்சுவைக் கணக்கில் சேர்த்துவிட்டு மாரிட் பக்கம் திரும்பினாள். “அப்பாவுக்கு இங்க சாப்பாடு ரொம்பப் பிடிச்சிருக்கு. கருத்துக் கேட்டதுல நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு.”

“அந்தப் படிவத்த யாரு நிரப்பினா?” என்றேன்.

“ஊழியர்கள். அவரோட கண்ணப் பாத்தாலே எங்களுக்குப் புரியும்.”

“அவருக்கு வாயும் இருக்கே, ஷெல்பி. அதப் பாக்கலையா?”

ஷெல்பி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டாள். வெர்னின் தொண்டை அதைத் தொடர்ந்து ஏறி இறங்கியது.

மாரிட் என்னைக் கோபமாகப் பார்த்தாள். “ரோஸ்மேரி, அந்த மூணு கடுதாசியையும் நானும் படிச்சேன். புரையேறிச் செத்தா அப்பாவ நீங்க திருப்பித் தருவீங்களா? அவரே கேக்கலையே! ஒரு தடவகூட என்கிட்ட கேக்கலையே!”

“அதேதான்,” என்றாள் ஷெல்பி. “பாவம், எதுக்கு அவரப் போட்டுக் குழப்பணும்? நாம இதே திட்டத்த…”

“ஷெல்பி, கொஞ்சம் வாய மூடறீங்களா?” என்றேன். நான் வாங்கும் சம்பளத்தில் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். “மாரிட், ‘ஏன் என்கிட்ட கேக்கல’ங்கறது எனக்கான கேள்வியில்ல. அவருக்கானது. பதில் வரட்டும்.”

ஷெல்பி கடிகாரத்தைப் பார்த்தாள்; கூட்டத்துக்கு ஒதுக்கியதே பதினைந்து நிமிடம். மாரிட்டுக்கு உதடு துடித்தது. வெர்ன் நல்ல கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார். அவள் மறுபடி அழப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியும் முகத்தைத் திருப்பவில்லை.

“மாரிட், எனக்குத் தண்ணி வேணும். மாவு போடாத வெறும் தண்ணி. புரையேறினா ஏறட்டும்மா, குடுக்கச் சொல்லு.”