பால் தெளிக்கிற நாளில்

அண்ணன் தாமோதரனின் உடலுக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தைத் தூக்கியபோது பிரபாவின் வலது கைப்பிடி நழுவியது. குடம் வாசலில் உருண்டது. துக்கத்தில் கை நடுங்குகிறது என்று சுற்றியிருந்த பெண்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். அண்ணி லோகநாயகி மட்டும் அழவில்லை. குடத்தை எடுத்து வந்து, நாத்தனாரின் கையோடு தன் கையையும் சேர்த்துப் பிடித்து ஊற்றினாள்.

தாமோதரனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. திருக்கழுக்குன்றத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு நாள் கியர் மாற்றக் கை வரவில்லை. பிறகு கால் போனது, பேச்சு குழறியது. அவர்களுடைய அம்மாவும் அப்படிப் படுத்துத்தான் போனாள்; வாதம் என்று சொல்லி ஊர் அதை முடித்துவிட்டது. தாமோதரன் அப்படி விடவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தான். போன இடமெல்லாம் மறுபடி முதலிலிருந்து டெஸ்ட். பழைய ஃபைலைக் கேட்டால் தரமாட்டார்கள். “என் ரத்தம், என் ஸ்கேன். அத பாக்க எனக்கு எதுக்கு சார் பர்மிஷன்?” என்று ஒரு கவுன்டரில் நின்று நின்றே வாங்கி வந்தான்.

அணுபுரத்தில் சுஜாதா என்பவரின் கணவருக்கும் இதே நோய் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனான். இரண்டு வீட்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் தூத்துக்குடி, ஓசூர், கொல்லம் என்று முகம் தெரியாத குடும்பங்கள் போனில் சேர்ந்தன. எல்லோரும் தங்கள் ரிப்போர்ட்டுகளை ஒன்றாகப் போட, வெவ்வேறு ஆஸ்பத்திரி டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே மரபணுக் கோளாறு. இங்கே இந்த நோய்க்காரர்களே இல்லையென்று எட்டிப் பார்க்காத மருந்துச் சோதனை அதன் பிறகுதான் சென்னைக்கு வந்தது.

நோய் முற்றியவர்களை அதில் எடுக்கவில்லை. “வண்டிய கெளப்பனது நானு, எனக்கே சீட்டு இல்ல” என்று குழறிச் சிரித்தான் தாமோதரன். கை மரக்கத் தொடங்கியிருந்த பிரபாவை விரட்டி அனுப்பினான். அவளுக்கு இடம் கிடைத்தது.

முதல் ஊசிக்குக் குறித்த நாள், அண்ணனுக்குப் பால் தெளிக்கிற நாளாகிவிட்டது.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் துக்கத்துக்கு வந்திருந்த சுஜாதா, பிரபாவின் சித்தப்பா தர்மராஜிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் தேதியை மாற்றக் கேட்டுப் பார்த்தாராம். எடுத்த டெஸ்டுகள் நாளைவரைதான் செல்லும், தவறினால் இடம் வேறொருவருக்கு என்றார்களாம். தர்மராஜுக்கு ஒப்பவில்லை. கூடப் பிறந்தவள் தீட்டோடு வாசல் தாண்டுவதா? அதுவும் ஒப்பிட்டுப் பார்க்கவென்று பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசிதானாமே.

பிரபாவுக்கும் மனமில்லை. அண்ணனுக்குக் கிடைக்காத இடத்தில் தான் போய் உட்காருவதா?

லோகநாயகி எழுந்து வந்தாள். “மாமா, பாலு நீங்க தெளிங்க. நாங்க ரெண்டு பேரும் போறோம்.”

“நீயுமா? இன்னிக்கிதான் எடுத்துகினு போனோம். ஊரு இன்னா சொல்லும்?”

“ஊசில மருந்து கீதோ, வெறுந்தண்ணி கீதோ, எனக்குத் தெரியாது மாமா. இவ அங்க போயி ஒக்காரணும்னுதான் அவரு மூச்சப் புடிச்சிகினு கெடந்தாரு. இவள அனுப்பாம பாலு தெளிச்சா அவரு குடிப்பாரா?”

தர்மராஜ், விடியலில் கார் சொல்லவா, பஸ்ஸில் போனால் அலைச்சலாக இருக்குமே என்று சுஜாதாவைக் கேட்டார்.

மறுநாள் சென்னை ஆஸ்பத்திரியில், ஊசி போட்டபின் சாயங்காலம்வரை இருக்கச் சொன்னார்கள். எதிர் நாற்காலியில் இருந்த தூத்துக்குடிக்காரர், தாமோதரன் தங்கச்சியா என்று கேட்டுக் கும்பிட்டார். போனில் கேட்டுப் பழகிய குரல்.

லோகநாயகி பக்கத்தில் இருந்தாள். புருஷனைப் புரட்டிப் படுக்கவைக்க எழுந்து எழுந்தே வருஷக்கணக்காக முழுத் தூக்கம் அறியாதவள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தலை சரிந்து பிரபாவின் தோளில் சாய்ந்தது.

நர்ஸ் பிபி பார்க்க வந்தாள். பிரபா தோளை அசைக்காமல் மற்ற கையை நீட்டினாள்.